ஏழாவது படித்தவளுக்கே புரிகிறது

இந்தப் பெஞ்சுக்கு வாருங்கள் அக்கா. அந்த ஃபேன் சத்தம் மட்டும்தான் போடும், காற்று வராது. தினமும் இந்த வராந்தாவைக் கூட்டுகிறவள் நான், அதனால் தெரியும்.

இன்றைக்குக் கூட்ட வரவில்லை. கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதோ மூடியிருக்கிறதே, அந்தக் கதவுக்குள்ளேதான் விசாரணை. பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. காலையில் பல் தேய்க்கும்போதிருந்து அதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், தொண்டைக்கு மேலே வர மாட்டேன் என்கிறது.

இது என் மகள், தன்ஷிகா. புது ஆளைக் கண்டால் அழ மாட்டாள். அதில் என்னை மாதிரி இல்லை. நான் தெரியாத ஆளிடம் பேசவே மாட்டேன். உங்களிடம் எப்படி இப்படிப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பயத்தில் வருகிற பேச்சாக இருக்கும்.

அந்த ஜன்னல் பக்கம் நிற்கிற பாப்பா உங்கள் மகளா? நல்ல உயரம். ஏதாவது சாப்பிட்டாளா? முகம் வாடிக் கிடக்கிறது.

என் பேர் மாரிச்செல்வி. காண்ட்ராக்டில் கூட்டித் துடைக்கிற வேலை. இதே மாடியில் இணையதளப் பிரிவு என்று ஒரு ரூம் இருக்கிறது. இந்த யுனிவர்சிட்டியைப் பற்றிப் போனில் பார்த்தால் வருகிறதே, எந்தப் படிப்பு, எப்போது வர வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று, அதையெல்லாம் அங்கேதான் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் ஜெசிந்தா மேடம். அதெல்லாம் போனுக்குள் தானாக வருகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, ஒரே வரியை அழித்து அழித்து எழுதும் என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் நான் மேஜைக்கு அடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கிறேன். மேலேயிருந்து குரல். "மாரி, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எதுவரைக்கும்?"

"ஏழாவது மேடம்."

யாராவது ஏழாவது என்றால் ஐயோ பாவம் என்று ஒரு முகம் வைப்பார்கள் இல்லையா? மேடம் அப்படி வைக்கவில்லை. "உன்னைத்தான்மா தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்கள். ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, "இதைச் சத்தமாப் படி" என்றார்கள்.

நான் படித்தேன். படிக்கிறதில் நான் மோசமில்லை அக்கா. பள்ளிக்கூடத்தில் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு பிள்ளை செய்தி வாசிக்கும் இல்லையா, அந்தப் பிள்ளை நான்தான். பேசச் சொன்னால் பாவாடையைப் பிடித்துத் திருகிக்கொண்டு நிற்பேன். வாசிக்கச் சொன்னால் தங்குதடை இருக்காது. அடுத்தவர் எழுதினதைச் சொல்வதில் எனக்கு என்ன கூச்சம்? என் சொந்த வார்த்தை என்றால்தான் வராது. எவ்வளவு பெரிய சொல்லாக இருந்தாலும் உடைக்காமல் வாசிப்பேன். எங்கள் டீச்சர் சொல்வார்கள், இவள் வாசித்தால் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று.

மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். கேட்டுவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார்கள்.

"புரிஞ்சுது மேடம்."

அதிலிருந்து வாரத்தில் ஒருநாளாவது கூப்பிடுவார்கள். சேர்க்கைப் பக்கம், விடுதிப் பக்கம், பஸ் பக்கம். எழுதின ஆளுக்கு எல்லாம் புரியும், மாரி, புதுசாப் படிக்கிறவங்களுக்குப் புரியணும், அதுதான் கஷ்டம் என்பார்கள். ஊரில் ஒரு அம்மா இருப்பாங்க, பஸ் ஸ்டாண்டில் நின்னுக்கிட்டு ஒரு அப்பா படிப்பார், பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது, அவங்களை நினைச்சு எழுதணும் என்பார்கள். முதல் வரியிலேயே என்ன செய்யணும்னு சொல்லிடணும், காரணத்தை அப்புறம் சொல்லலாம், ஒரு வரி கூடுதலாகப் போட்டால் முக்கியமான வரி அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும் என்பார்கள். நல்லவர்கள். டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவார்கள்.

ஒவ்வொரு தடவையும் "புரிஞ்சுதா?" ஒவ்வொரு தடவையும் "புரிஞ்சுது மேடம்."

"ஒண்ணுகூடவா புரியாம இல்லை?"

"எல்லாம் புரிஞ்சுது மேடம். ரொம்ப நல்லா இருக்கு."

பிறகு என்ன சொல்வது அக்கா? ஒருத்தர் வீட்டில் கையை நனைத்துவிட்டு, குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருப்போமா? ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அதுவும் இல்லாமல், புரிகிறதா என்று கேட்டால் அது கேள்வியா? என் மாமியார் கேட்பார்கள், "நான் சொன்னது புரிஞ்சுதா?" என்று. புரிஞ்சுது அத்தை என்றால் பேச்சு முடிந்தது, போய் வேலையைப் பார் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் டாக்டரும் அப்படித்தான். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால் என்று வெளியே வந்து மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வோம், டாக்டரிடம் புரியவில்லை என்று யாராவது சொல்வார்களா? நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா? பாருங்கள், நீங்களும் சொன்னதில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். அது உண்மைதான், கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் சிரித்தார். "அப்போ யுனிவர்சிட்டியே உன்னைக் கேட்டுத்தான் நடக்குதுன்னு சொல்லு." மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் கனி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நிஜமாவா மதினி? என்னென்ன வாசிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கனி என் நாத்தனார். சண்முகக்கனி. அவர்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. மேலே எம்.எஸ்சி. படிக்க வேண்டும், இந்த யுனிவர்சிட்டியில்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மாமியார் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவைத்திருந்தார்கள், தூத்துக்குடிப் பக்கம், ஹார்டுவேர்ஸ் கடை. என் வீட்டுக்காரர் அம்மாவிடம் கெஞ்சினார். கடைசியில் மாமியார், "இடம் கெடைச்சா படிக்கட்டும். கெடைக்கலைன்னா மறுபேச்சுப் பேசக் கூடாது" என்றார்கள். கனி சரி என்றாள். பட்டியலில் பேர் வந்துவிட்டது அக்கா. இடம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் கேசரி.

இடம் கிடைத்தவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்கிற பக்கத்தை நான் முன்னாலேயே வாசித்தவள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேடம் அன்றைக்கு என்னை அவர்கள் ரூமுக்குக் கூப்பிடவில்லை. துணைப் பதிவாளர் சார் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். படியில் ஏறும்போதே சொன்னார்கள். "மாரி, இந்தத் தடவை ஒரு வரி இருக்கு. சார் எழுதினது. மாத்தவே விட மாட்டேங்கிறார். நீ வாசிச்சுட்டு மனசில் பட்டதைச் சொல்லு. புரியலைன்னா புரியலைன்னு சொல்லிடு. அப்பதான் நான் மாத்த முடியும்."

"சரி மேடம்" என்றேன்.

அந்த வரி எனக்கு இன்னமும் பாடம். கேளுங்கள். 'ஒதுக்கீடு பெற்ற விண்ணப்பதாரர்கள், நேரடிச் சான்றிதழ் சரிபார்ப்பிற்கு முன்னதாக இணையவழி இசைவு அளித்தாலன்றி, அன்னாரது ஒதுக்கீடு காலியிடமாகக் கருதப்படும்.' பார்த்தீர்களா, எங்கேயும் தடுக்கவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் வாசித்தேன். சார் நாற்காலியில் சாய்ந்து தலையை ஆட்டிக் கேட்டார். அவருக்கு முன்னால் ஃபைல் மலை மாதிரி. சுவர் முழுக்கப் பழைய துணைவேந்தர்கள் படம். அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள்.

மேடம் எழுதிவைத்த வரியும் இருந்தது. அதையும் வாசிக்கச் சொன்னார்கள். 'உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறதா? முதலில் இந்த இணையதளத்தில் சம்மதம் என்ற பட்டனை அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் இடம் போய்விடும். அதன் பிறகு சான்றிதழ்களோடு நேரில் வாருங்கள்.'

சார் சிரித்தார். "என்னம்மா இது, மளிகைக் கடை போர்டு மாதிரி. அழுத்தாவிட்டால் போய்விடுமாம். இது பல்கலைக்கழகம். நடைக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது அக்கா. மேடம் மேலே மரியாதை இல்லாமல் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்கிற மாதிரி இருந்தது. அதில் எழுத்து என்று என்ன இருக்கிறது? சார் எழுதினதில் ஒரு கனம் இருந்தது. வாசிக்கும்போதே பெரிய இடம் என்று தெரிந்தது.

சார் என்னைப் பார்த்தார். "நான் எழுதினது புரியுதாம்மா உனக்கு?"

மேடம் என்னைப் பார்த்தார்கள்.

"புரியுது சார்."

"அப்புறம் என்ன? ஏழாவது படிச்சவளுக்கே புரியுது, எம்.எஸ்சி. படிக்க வர்ற பிள்ளைக்குப் புரியாதா?" என்று சொல்லி, சார் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.   அன்றைக்கு மேடம் டீ வாங்கவில்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் என்ன தப்புச் சொன்னேன்? அவர் முகத்துக்கு நேராக, அவர் ரூமில் நின்றுகொண்டு, புரியவில்லை என்று சொன்னால் அவருக்கு எவ்வளவு அவமானம்?

பிறகுதான் கனிக்கு இடம் கிடைத்தது. போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "மதினி, இது உங்க ஆபீஸ்தானே. இது என்ன சொல்ல வருது, பாருங்களேன்."

நான் கடகடவென்று வாசித்தேன்.

"வாசிக்க நானும் வாசிப்பேன் மதினி. என்ன செய்யச் சொல்லுதுன்னு கேக்கேன். இசைவுன்னா, அப்ளிகேஷன் போடும்போது சம்மதம்னு ஒரு டிக் அடிச்சேன்லா, அதுதானா? இல்ல, வேற எதுவும் செய்யணுமா?"

அடுப்பில் பால் பொங்குகிறது, இடுப்பில் இவள். "அதுதான் கனி. அதான் டிக் அடிச்சாச்சுல்லா. சான்றிதழ் சரிபார்ப்பு அன்னைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிரு, அம்புட்டுத்தான்."

"நல்லாத் தெரியுமா மதினி?"

"நாங்க ஆபீஸில் வாசிச்சுப் பார்த்த பக்கம்தான்."

அவள் நிம்மதியாகப் போய்ச் சுடிதாரை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

சரிபார்ப்பு அன்றைக்கு நான் இதே வராந்தாவில் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே கவுண்டரில் அவள் நிற்கிறது தெரிந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அந்த ஆள் ஏதோ சொன்னார். இவள் சான்றிதழ் கவரைத் திறந்து காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். நான் நினைத்தேன், முடிந்துவிட்டது, சேர்ந்துவிட்டாள் என்று. மாடிப்படி ஏறி என்னை நோக்கி வந்தாள். நான் சிரித்தேன். துடைத்த ஈரத்தில் செருப்புக் காலோடு நடந்து, என்னைத் தாண்டி, அந்தக் கடைசி ஜன்னல் வரைக்கும் போய், திரும்பி என்னைத் தாண்டி இறங்கிப் போய்விட்டாள்.  அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் பேசவில்லை. அந்தப் பட்டனை அழுத்தாததால் இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

வீட்டில் மாமியார் விடுவார்களா? "ஏட்டி, யுனிவர்சிட்டிக்காரி, இன்னைக்கு என்ன வாசிச்சே? ரேஷன் கடை போர்டையாவது சரியா வாசிச்சியா?" என்று. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூட. சொன்ன சொல்படி மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் பூ வைக்க வருகிறார்கள் அக்கா. இன்றைக்கு. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அங்கே பந்தலுக்கு நாற்காலி இறங்கிக்கொண்டிருக்கும்.

ஏன், என்ன ஆயிற்று? ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?

உங்கள் மகளுக்கும் அதே வரியா?

எந்தப் படிப்பு? கணிதமா. எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள்? ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கமா... அங்கே வாசித்துச் சொல்ல யாரும் இல்லையா? இல்லை, நான் குற்றம் சொல்லவில்லை. கொஞ்சம் நிதானமாகப் படித்திருக்கலாமோ என்று... விடுங்கள். தப்பாக நினைக்காதீர்கள்.

நிறையப் பேர் அக்கா. ஒரு பிள்ளை இரண்டு பிள்ளை இல்லை. அத்தனை பேரும் மனுக் கொடுத்து, மேடம் அதற்குப் பின்னால் அலைந்து, அதனால்தான் இந்த விசாரணை. தலைவராக வேறு துறையிலிருந்து ஒரு வயதான அம்மா வந்திருக்கிறார்கள். துணைப் பதிவாளர் சார் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் தெரியுமா? ஏழாவது படித்த துப்புரவுப் பணியாளரை வைத்து முன்கூட்டியே சோதித்துப் பார்த்தேன், அவருக்கே புரிந்தது, பிள்ளைகள் கவனமாகப் படிக்காததற்கு நாங்கள் என்ன செய்ய என்று. நான்தான் அந்த ஏழாவது.

மேடம் போன வாரம் என்னைப் படியில் நிறுத்தினார்கள். "மாரி, அந்த வரி அன்னைக்கு உனக்கு நிஜமாப் புரிஞ்சுதா?" நான் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது போல. என் மனத்தாங்கலே அதுதான் அக்கா. இவ்வளவு படித்தவர்கள், தினமும் என்னைப் பார்க்கிறவர்கள். வாய் சொன்னதை எழுதிக்கொண்டார்களே, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டா இருக்கிறோம்?

"உள்ளே வந்து 'அன்னைக்குப் புரியலை சார்'னு மட்டும் சொல்லு. போதும்" என்றார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான். உங்களிடம் சொல்லிப் பார்க்கவா? புரியலை சார்... கொஞ்சம்தான் சார், மத்தபடி நல்லாத்தான் எழுதியிருந்தீங்க... பார்த்தீர்களா, தானாக ஒட்டிக்கொண்டு வருகிறது. இன்னொரு தடவை. புரிய...

கூப்பிடுகிறார்கள். அட்டெண்டர் பரமசிவம் அண்ணன்தான். இவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா அக்கா? அழ மாட்டாள். அழுதால் இந்தச் சாவிக்கொத்தை ஆட்டுங்கள்.

~

கொடுங்கள் அக்கா. அழுதாளா? இல்லையா. நல்ல பிள்ளை.

உட்காருகிறேன். 

என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் மகளுக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை, கனிக்கும் முடியவில்லை. கேட்டார்கள். அந்தத் தலைவர் அம்மா அன்பாகத்தான் கேட்டார்கள், "பயப்படாதேம்மா, அந்த வரி உனக்குப் புரிஞ்சுதா, புரியலையா?" என்று. அந்த நேரம் பார்த்துத் துணைப் பதிவாளர் சார் எழுந்து, "உட்காரும்மா, குழந்தை நல்லாயிருக்கா?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இத்தனை காலத்தில் என்னை யாரும் அந்த ரூமில் உட்காரச் சொன்னதில்லை. அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்துகொண்டே எப்படி அக்கா சொல்வது?

"புரிஞ்சுது சார்" என்றுவிட்டேன்.

சார் கையை விரித்துக் காட்டினார், பார்த்தீர்களா என்கிற மாதிரி. மேடம் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் வாசிக்கும்போது மூடுவார்களே, அப்படி. பிறகு திறந்து, மெதுவாகச் சொன்னார்கள். "அம்மா, தப்பு என் பேரில்தான். நான் இவகிட்ட எப்பவும் புரிஞ்சுதான்னே கேட்டுட்டேன். அப்படிக் கேட்டா யாரு இல்லைன்னு சொல்லுவா? வேற ஒரு பக்கத்தைக் கொடுங்க. இதுவரை அவ பார்க்காதது. வாசிச்சுட்டு நீ என்ன செய்வேன்னு கேளுங்க."

சாருக்கு ஒன்றும் பயமில்லை. அவரே எடுத்துக் கொடுத்தார், விடுதிப் பக்கம், புதுசாக எழுதினதாம். நான் வாசித்தேன். 'விடுதி அனுமதி கோரும் மாணவியர், பெற்றோர் நீங்கலாக, உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரின் நேர்முன்னிலையின்றி அனுமதிக்கப்பட மாட்டார்கள்.' தண்ணீர் மாதிரி வாசித்தேன். தலைவர் அம்மாகூட நல்லா வாசிக்கிறியேம்மா என்றார்கள்.

"உன் பொண்ணை விடுதியில் சேர்க்கணும்னு வை. இதை வாசிச்சுட்டு என்ன செய்வே?"

இதுதான் அக்கா ஆச்சரியம். கூச்சமே வரவில்லை. புரிஞ்சுதா என்று கேட்டிருந்தால் ஒரு வார்த்தையோடு நின்றிருப்பேன். என்ன செய்வாய் என்று கேட்டதும் என் மகள் பெரியவளாகிப் பெட்டியோடு வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. சொன்னேன். "பெற்றோர் நீங்கலாகன்னு போட்டிருக்கும்மா. அதனால நானும் அவரும் வீட்டிலேயே இருந்துக்குவோம். அவளைத் தனியா பஸ்ஸில் ஏத்திவிட்டுடுவேன். இங்கே பொறுப்பாளர் யாரோ கேட்டில் நின்னு பார்த்துக்குவாங்க. பயமாத்தான் இருக்கும். ஆனா நாம வந்தா உள்ளே விட மாட்டாங்களே."

 தலைவர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். "தனியாவா அனுப்புவே?" என்று கேட்டார்கள். "போட்டிருக்கேம்மா" என்றேன். சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். மேடத்தின் கண்ணில் தண்ணீர். என்னை நம்பிக் கூட்டிவந்தார்கள், பாவம். "போதும்மா, நீ வெளியே இரு" என்றார்கள் தலைவர் அம்மா. போதும் என்றால் என்ன அர்த்தம்? பேசிக் கெடுத்தது போதும் என்றுதானே?

பொறுங்கள், பரமசிவம் அண்ணன் வெளியே வருகிறார். என்ன சொல்கிறார்?

இசைவு கொடுக்காமல் இடம் போனவர்கள் எல்லாரும் சான்றிதழோடு வரிசையாக உள்ளே வரணுமா? எல்லாருமா? கூடுதல் இடமா?

பாப்பா சிரிக்கிறாளே அக்கா. எப்படி வந்தது இது? நான் சொன்னதாலா? நான் என்ன சொன்னேன்? தப்பாகச் சொன்னேனா, அது தப்பா? பெற்றோரைத் தவிர இன்னொரு ஆள் கூட வரணும் என்றுதான் அர்த்தமா... அப்படியா. தப்பாகச் சொன்னதற்கு யாராவது இடம் கொடுப்பார்களா? நீங்கள் சொல்கிறீர்கள், எனக்கு ஒன்றும்... இருக்கட்டும். உங்கள் வரிசை வரட்டும். கவரை இப்போதே எடுத்துக் கையில் வைத்துக்கொள் பாப்பா.

கனி பேரையும் வாசித்தார். கேட்டீர்களா? சண்முகக்கனி என்று. ஆபீஸ் மூடுவதற்குள் வராதவர்களுக்கு இல்லை என்கிறார்.

அவள் வீட்டில் இருக்கிறாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். என் வீட்டுக்காரர் லோடு எடுத்துக்கொண்டு விருதுநகர் போயிருக்கிறார், போன் அணைந்து கிடக்கிறது. கனிக்குப் போட்டால்... அடிக்கிறது, எடுக்க மாட்டாள். நான் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. உங்கள் போனிலிருந்து போட்டுப் பாருங்களேன். அதுவும் எடுக்கவில்லையா. தெரியாத நம்பர்.

எழுதித்தான் அனுப்ப வேண்டும். எழுதினால் பார்ப்பாள், பதில்தான் போட மாட்டாள். எப்படி எழுதுவது? பெரிய இடத்துக் காரியம், சும்மா வா என்றா எழுதுவது? 'ஒதுக்கீடு பெற்ற சண்முகக்கனி அவர்கள்...' ஏன் பாப்பா சிரிக்கிறாய்?

சரி. அழிக்கிறேன். முதல் வரியிலேயே என்ன செய்யணும். காரணம் அப்புறம்.

'கனி, எல்லாச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இப்போதே யுனிவர்சிட்டிக்கு வா. மாடியில் கடைசி ரூம். ஆபீஸ் மூடுவதற்குள் வந்தால் உன் இடம் உனக்கு. வராவிட்டால் போய்விடும்.'

இவ்வளவுதானா? இன்னும் எவ்வளவோ எழுத வேண்டும் போல இருக்கிறது. பாலைப் பற்றி, அன்றைக்கு நீ ஈரத்தில் நடந்து போனது பற்றி. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று. வேண்டாம். கூடுதலாகப் போட்டால் முக்கியமான வரி ஒளிந்துகொள்ளும். இப்படியே இருக்கட்டும். மளிகைக் கடை போர்டு மாதிரிதான் இருக்கிறது. அனுப்பிவிட்டேன்.

பார்த்துவிட்டாள் அக்கா. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது.

ஏதோ எழுதுகிறாள். எழுதுகிறாள்... நிறுத்திவிட்டாள். திரும்ப எழுதுகிறாள். இவளைப் பிடியுங்கள். வந்துவிட்டது. இத்தனை நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

'புரிஞ்சுது மதினி.'

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. கீழேயும் ஒன்றும் இல்லை.

அக்கா, நீங்கள் பாருங்கள். நீங்கள் விவரமானவர்கள். புரிஞ்சுது என்றால் என்ன? வருகிறாளா?